பொறுப்பு நின்றவள்

மயிலிட்டியை விட்டு நாங்கள் வெளிக்கிட்டது தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில். எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே ஷெல் விழத் தொடங்கியபோது, அடுப்பில் கொதித்த சோற்றை இறக்காமல் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். என் கணவர் மட்டும் கரைக்குப் போய், வள்ளத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு வந்தார். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

வந்து சேர்ந்த இடம் வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். சுற்றிவரத் தோட்டங்கள், பின்னால் பனங்கூடல். வகுப்பறைக்கு நான்கைந்து குடும்பங்கள். மேசைகளைச் சுவரோடு அடுக்கி, சேலைகளைக் குறுக்கே கட்டி, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டோம். எங்கள் சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இருந்தார். மயிலிட்டியில் அடுத்த ஒழுங்கைக்காரி. அவருடைய கணவர் சில வருடங்களுக்கு முன் கடலில் நேவி சுட்டு இறந்தவர். மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போது பதினைந்து வயது. உயரமானவள், வேகமாக நடப்பாள், யாராவது பிழையாகக் கணக்குச் சொன்னால் உடனே திருத்துவாள். நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அவளைப் பற்றித்தான்.

முகாமை நடத்த ஒரு குழு இருந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், முன்பு மீனவர் சங்கத்தில் தலைவராக இருந்தவர். மூவரும் கெட்டவர்கள் இல்லை. நிவாரண அரிசி வந்தால் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கென்று கட்டிய கக்கூசுகள்தான் இருந்தன. ஆண்கள் வரிசையில் நின்றார்கள். நாங்கள் நிற்கவில்லை. வெளிச்சம் வருமுன் எழும்பிப் பனங்கூடலுக்குப் போனோம். பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

மாரி தொடங்கிய சமயம், பனைகளுக்குள் ஒருவன் வந்து நிற்கத் தொடங்கினான். முகம் தெரியாது. பெண்கள் குந்தியிருக்கும் பக்கம் பார்த்து டோர்ச் அடிப்பான். ஒருநாள் அதிகாலையில் அக்காவின் மூத்தவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். பனைமட்டைக் கருக்கு கெண்டைக்காலைக் கிழித்து, இரத்தம் குதிவரை வழிந்திருந்தது. தாய் என்ன கேட்டும் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு சில நாட்கள் அவள் யாரோடும் கதைக்கவேயில்லை.

நாங்கள் போய்க் குழுவிடம் சொன்னோம். தபாலதிபர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"உதைப் பெரிசாக்காதேங்கோ பிள்ளையள். வெளியிலை தெரிஞ்சால் எங்கடை குமர்ப்பிள்ளையளுக்குத்தான் கெட்ட பேர்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முகாமில் மாதக்கூட்டம். கூட்டத்தில் பெண்கள் பின்னால் நிற்பதுதான் வழக்கம். நான் அப்படி எழும்பிக் கதைப்பவள் இல்லை. ஊரில் மீனவர் சங்கக் கடையில் நூலும் தூண்டிலும் விற்றவள். ஆனால் அன்று அந்தப் பிள்ளையின் காலில் கட்டியிருந்த துணி என் கண்ணுக்கு நேரே இருந்தது. தபாலதிபர் ஐயா "வேறை விசயம் இல்லைத்தானே" என்று முடிக்கப் போனபோது, "இருக்கு" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெட்ட பேர் எங்களுக்கு ஏன் வரவேணும் ஐயா? டோர்ச் அடிக்கிறவனுக்கெல்லோ வரவேணும். பொம்பிளையளுக்கெண்டு கக்கூசு வேணும். அதுவரைக்கும் நாங்கள் பொல்லுகளோடை கூட்டமாப் போவம். ஆரும் பனைக்குள்ளை நிண்டால் அடிப்பம். பேந்து எங்களைக் கேக்கக் கூடாது."

"சொல்லிப்போட்டாய்," என்றார் கடைக்காரர். "சீமெந்துக்கும் தகரத்துக்கும் ஏ.ஜி.ஏ. கந்தோருக்கு ஆர் அலையிறது?"

"நான் போறன்."

சில ஆண்கள் சிரித்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு மீன்காரியின் குரல் வந்தது. ஊரில் சந்தை முழுவதற்கும் கேட்கும் குரல் அது.

"அப்ப உவளையே தலைவியா வையுங்கோவன்! நான் கை தூக்கிறன்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்றவளும் கை தூக்கினாள். பிறகு அடுத்தவள். அந்த முகாமில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். செத்தவர்கள், காணாமல் போனவர்கள், வெளிநாடு போனவர்கள் என்று ஆண்கள் குறைந்திருந்தார்கள். அதை அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் நானும் முதன்முதலாக உணர்ந்தேன். தபாலதிபர் ஐயா கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி, சனம் தெரிவு செய்தால் செய்ததுதான்" என்றார். பிறகு தன் கதிரையை எனக்கு நகர்த்திவைத்தார். நான் அதில் இருக்கவில்லை. இருந்தால் எழும்பமாட்டேன் போலிருந்தது.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "உனக்கேன் உந்த வேலை?" என்று மட்டும் கேட்டார். ஆனால் உதவி அரசாங்க அதிபரின் கந்தோருக்குப் போக அவருடைய சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருந்தார். கந்தோரில் ஒருநாள் முழுக்க வாங்குப் பலகையில் காத்திருக்க வைத்தார்கள். மறுநாள் ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றே பதில் கிடைத்தது. கல்லும் மண்ணும் நாங்களே சுமந்தோம். கக்கூசு எழும்பியது. பனைக்குள் நின்றவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பொல்லுகளோடு போகத் தொடங்கிய பிறகு அவன் வரவில்லை.

அடுத்த வருடம், ஒரு பின்னேரம், ஆமியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த இயக்கத்தின் பெண்பிள்ளைகள் ஒரு பிக்கப்பில் முகாமுக்கு வந்தார்கள். வளவில் மேசை போட்டு மைக் வைத்தார்கள். கதைத்தவளுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. சேட்டும் நீளக் காற்சட்டையும் இடுப்பில் பட்டியும். பின்னலை மடித்துக் குத்தியிருந்தாள். அவள் கையில் கடதாசி இல்லை.

"வீட்டுக்குள்ளையும் பயம், ரோட்டிலையும் பயம். அப்பாவுக்குப் பயம், அண்ணைக்குப் பயம், ஆமிக்குப் பயம். இப்பிடிப் பயந்து பயந்து சாகிறதுக்கோ எங்களைப் பெத்தவை?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பெண் மேடையில் நின்று இப்படிக் கதைத்ததை அதற்குமுன் நான் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தும், அவள் கதைத்து முடியும்வரை கண்ணை எடுக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அக்காவின் மூத்தவள் தூணில் சாய்ந்து நின்றாள். மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கிழமை முடியுமுன் அவள் போய்விட்டாள். ரியூசனுக்குப் போன இடத்திலிருந்து தங்கை தனியாக வந்தாள், தோளில் இரண்டு புத்தகப் பைகளோடு. அக்கா அந்தப் பைகளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு வந்த சத்தம் பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது.

மறுநாள் காலை சேலையை விலக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். கண் வீங்கியிருந்தது.

"தங்கச்சி, நீதானே தலைவி. போய் என்ரை பிள்ளையைக் கேட்டுத் தா."

நான் வாய் திறக்குமுன் என் கணவர் சொன்னார். "அக்கா, உது கக்கூசு கட்டுற விசயம் இல்லை. அவையளோடை கதைக்கப் போய் வராமல் போனவையும் இருக்கினம். எனக்கு ரெண்டு குஞ்சுகள்."

"எனக்கு மூண்டு குஞ்சு," என்றார் அக்கா. "இப்ப ரெண்டு."

என் கணவர் எழும்பி வெளியே போனார். நான் பின்னால் போனேன். கிணற்றுக் கட்டில் குந்தி, தலையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, என்னைத் தெரிவு செய்தது உதுகளுக்கும்தானே? ஏலுமானதுக்கு மட்டும் போறன் எண்டு சொல்ல ஏலுமோ?"

"போகாதை எண்டால் நிப்பியோ?"

"இல்லை."

"அப்ப ஏன் என்னைக் கேக்கிறாய்?" என்றார். அவருடைய குரலில் கோபம் இருந்தது. அதைவிடப் பயம் கூட இருந்தது.

பதினைந்து பேரளவில் பெண்கள் புறப்பட்டோம். மீன்காரியும் வந்தார். அவருக்கும் வயது வந்த ஒரு மகள் இருந்தாள். இயக்கத்தின் அலுவலகம் இரண்டு மாடி வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில். கறுப்புக் கேற், உயர்ந்த மதில், உள்ளே வரிசையாகக் குரோட்டன் சாடிகள். கேற்றில் காவல் நின்ற பெண்பிள்ளையின் துவக்கு அவளுடைய அரைவாசி உயரம் இருந்தது.

"என்ன அலுவல்?"

"பொறுப்பாளரைச் சந்திக்கவேணும்."

"எல்லாரையும் விட ஏலாது. ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான்," என்றேன்.

வெயில் ஏறும்வரை வெளியே நின்றோம். ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து எங்களைச் சுற்றி ஒருதரம் ஓட்டினான். "வீடுகளுக்குப் போங்கோ, நிண்டு பிரியோசனம் இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனான். ஒருவரும் அசையவில்லை. பிறகுதான் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். கேற் எனக்குப் பின்னால் பூட்டப்பட்டது.

பொறுப்பாளர் மேசைக்குப் பின்னால் இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மெதுவாகக் கதைத்தாள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இருங்கோ அக்கா. ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"வந்தால் அவையளை நீங்கள் திரும்ப விடுவியள் எண்டு ஆர் கண்டது?"

அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அந்தப் பிள்ளை தானாத்தான் வந்தது. நாங்கள் இழுத்துக்கொண்டு வரேல்லை."

"பதினாறு வயசு, தங்கச்சி. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் நேற்றையிலையிருந்து பச்சைத் தண்ணி குடிக்கேல்லை."

"எல்லாற்றை அம்மாவும் அப்பிடித்தான்." கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள். "உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். முகாமிலை ஆம்பிளையளை எதிர்த்துக் கதைச்சு வந்த ஆள். உங்களை மாதிரி ஆக்கள்தான் எங்களுக்கு வேணும். இந்தப் பக்கத்து முகாமுகளுக்கெல்லாம் பெண்கள் அமைப்பு துவங்கப் போறம். நீங்கள் பொறுப்பா வாங்கோ. வந்தால், அந்தப் பிள்ளையைத் தாயோடை அனுப்பிறது எனக்குப் பெரிய வேலை இல்லை."

அவள் சொன்னது எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கேட்டேன்.

"பொறுப்பா வந்தால் நான் என்ன செய்யவேணும்?"

"கூட்டம் வைக்கவேணும். சனத்துக்கு விளங்கப்படுத்தவேணும்."

"பிள்ளையளையும் கேக்கவேணுமோ?"

அவள் மேசையிலிருந்த பென்சிலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் எடுத்துவைத்தாள். "போராட்டம் எண்டால் எல்லாரும்தானே பங்கெடுக்கவேணும், அக்கா."

"நான் தனியச் சொல்ல ஏலாது. என்னைக் கை தூக்கித் தெரிவு செய்தவை வெளியிலை நிக்கினம். கேட்டுப்போட்டு வாறன்."

"ஒரு முடிவு எடுக்கத் தெரியாமலோ தலைவியா இருக்கிறியள்?"

"உந்த முடிவு எனக்கு மட்டும் உரியதில்லை."

அவள் காவல்காரப் பிள்ளைக்குக் கண் காட்டினாள். கேற் திறந்தது. மதிலோரம் நின்ற பெண்களிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஓமெண்டு சொல்லு தங்கச்சி. உன்ரை காலிலை விழுறன். ஓமெண்டு சொல்லு."

பிறகு மீன்காரி, சந்தைக் குரலை விட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நீ அங்கை போனால், நாளைக்கு என்ரை பெட்டையைக் கேட்டு நீதான் வருவாய். அப்ப நான் ஆரிட்டைப் போய் அழுறது?"

நான் மற்ற முகங்களைப் பார்த்தேன். சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். கை தூக்கச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அக்கா," என்றேன், "நான் மாட்டன் எண்டுதான் சொல்லப் போறன். ஆனால் உங்கடை பிள்ளையைக் காணும்வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

அக்கா என் கன்னத்தில் அறைந்தார். பலமான அறை. காது கூவியது. பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் உள்ளே சொல்லியனுப்பிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக இருந்தார்கள். கேற்றுக்கு முன்னால் ரோட்டோரமெங்கும் பெண்களாக இருந்தோம். சைக்கிளில் போனவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, பார்த்தது தெரியாத மாதிரி மிதித்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுப் பெண் படலையைத் திறந்து ஒரு வாளி தண்ணீரும் சிரட்டையும் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போனாள். அதற்கே எவ்வளவு துணிவு வேண்டும் என்று அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

மத்தியானம் திரும்பியிருந்தது. மோட்டார் சைக்கிள் பொடியன் இன்னும் இருவரோடு வந்தான். இந்தமுறை ஓட்டவில்லை, இறங்கி நின்றான்.

"ஆர் இதுக்குத் தலைமை? எழும்புங்கோ. உங்களை விசாரிக்கவேணும்."

நான் எழும்பினேன். மீன்காரி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தானும் எழும்பினார். அவன் ஒரு அடி கிட்ட வந்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில் மா இடிப்பது போல. பிறகு பனைகளுக்கு மேலால் ஆமியின் ஹெலிகொப்டர் தெரிந்தது. தாழப் பறந்து வந்து ஒருமுறை வட்டமடித்தது. ரோட்டில் கூட்டமாக இருந்த எங்களை அது கண்டிருக்கவேண்டும். அந்த அலுவலகத்தையும் அதற்குத் தெரிந்திருக்கவேண்டும். சுடத் தொடங்கியது. தென்னோலைகள் பிய்ந்து விழுந்தன. மதிலில் சல்லிகள் தெறித்தன.

கேற் திறந்தது. காவல் நின்ற பிள்ளை கத்தினாள். "உள்ளை வாங்கோ! பங்கருக்குள்ளை! ஓடுங்கோ!"

ஓடினோம். வீட்டுக்குப் பின்னால் நிலத்தைத் தோண்டி மேலே பனங்குற்றி அடுக்கிய நீளமான பங்கர். உள்ளே இருட்டு. ஏற்கெனவே அதற்குள் இயக்கப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். எங்களுக்கு இடம் விட ஒதுங்கினார்கள். யாருடைய முழங்காலோ என் முதுகில் இடித்தது. யாரோ செபம் சொன்னார்கள், யாரோ தேவாரம் முணுமுணுத்தார்கள். மேலே மண் அதிர்ந்து கழுத்துக்குள் கொட்டியது. அந்த இருட்டுக்குள் அக்காவின் குரல் கேட்டது.

"பிள்ளை... நீயோ?"

பதில் வரவில்லை. ஆனால் தாய்க்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, கையை விடு."

"விடமாட்டன்."

"நோகுது, விடம்மா."

"நோகட்டும்."

ஹெலி போன பிறகும் கனநேரம் ஒருவரும் எழும்பவில்லை. வெளியே வந்தபோது எல்லோரும் ஒரே நிறம். துவக்கு வைத்திருந்தவர்களும் வைத்திராதவர்களும் தலைமுதல் கால்வரை செம்மண். அதிர்ஷ்டம், யாருக்கும் காயமில்லை. அக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். விரல்கள் வெளுத்திருந்தன. அந்தப் பிள்ளை தாயைப் பார்க்காமல் பொறுப்பாளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பாளர் தலையிலிருந்த மண்ணைத் தட்டினாள். அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"என்ரை அம்மாவும் இப்பிடித்தான் கேற்றிலை வந்து நிண்டவ," என்றாள் என்னிடம். "நான் உள்ளை இருந்துகொண்டு இல்லை எண்டு சொல்லச் சொன்னனான்."

பிறகு குரல் மாறியது. "கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனால் அக்கா, இனிமேல் எங்களைக் கேக்காமல் கூட்டம் கூட்டக் கூடாது. விளங்குதோ?"

"விளங்குது," என்றேன்.

அந்தக் கிழமையே முகாம் குழு கலைக்கப்பட்டது. அவர்கள் அனுப்பிய ஒருவர் தலைவரானார். என் கணவரைப் பங்கர் வெட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். முன்னரங்கில் மண் வெட்டி, மலேரியாவோடு எலும்பும் தோலுமாக வந்தார். காய்ச்சல் விட்ட ஒருநாள், கஞ்சிக் கோப்பையை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "நீ செய்தது சரிதான். ஆனால் இனிமேல் செய்யாதை."

பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்தோம் என்று முகாமில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை மட்டும் அப்படிச் சொல்லவில்லை. தாய் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக்கூடத் தனியாக விடவில்லை. படுக்கும்போது அவளுடைய பாவாடை நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டுதான் படுத்தார். அவள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். மாதங்கள் இப்படிப் போயின. ஒருநாள் கிணற்றடியில் இருவரும் தனித்துப்போனோம். நான் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன்.

"மாமி," என்றாள். "அண்டைக்கு நீங்கள் எல்லாரும் வந்தனியள். அம்மா கேட்டா, நீங்கள் கேட்டியள், அந்தப் பொறுப்பாளர் அக்கா கேட்டா. ஆர் என்னைக் கேட்டது?"

துலாக்கயிறு என் கையில் நின்றது. நான் யோசித்துப் பார்த்தேன். கேற்றடியில், மேசைக்கு முன்னால், பங்கருக்குள், எங்கும் ஒருவரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மீண்டும் அந்த நாள் வந்தால் நான் மீண்டும் போவேன். ஆனால் அவள் சொன்னது உண்மை.

"இப்ப கேக்கிறன்," என்றேன். "உனக்கு என்ன வேணும்?"

அவள் எதிர்பார்க்கவில்லை.

"இஞ்சையிருந்து போகவேணும். அவையளிட்டையும் இல்லை. இந்தச் சேலைக்குப் பின்னாலையும் இல்லை. படிக்கவேணும், மாமி. வவுனியாவிலை சித்தப்பா இருக்கிறார்."

அந்த நாட்களில் குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். இளம் வயதென்றால், திரும்பி வருவார் என்று ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டும். வராவிட்டால் பொறுப்பு நின்றவர் பதில் சொல்லவேண்டும். தாய் பொறுப்பு நிற்கப் போனார், ஏற்கவில்லை. தாயும் பின்னால் போய்விடுவாள் என்றார்கள். வேறு யாரும் முன்வரவில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது.

இந்தமுறை என் கணவரிடம் நான் கேட்கவில்லை, சொன்னேன். அவர் எழும்பிப் போய்ச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சைக்கிள் ரியூப் ஒட்டவேணும், பொறு," என்றார்.

பாஸ் கொடுக்கும் இடத்தில் இருந்தவன் என் பெயரைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினான்.

"உங்களை எங்களுக்குத் தெரியும். பிள்ளை வருமோ?"

"தமையன்முறையான ஒருத்தற்றை கலியாணத்துக்குப் போறாள். வருவாள்."

என் வாழ்க்கையில் இவ்வளவு நிதானமாக நான் பொய் சொன்னதில்லை.

கடலேரியைக் கடக்க வள்ளம் புறப்படும் கிளாலிக் கரைக்கு அக்காவும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். வெயில் சாயும் நேரம். கரை முழுக்கச் சனம், பெட்டிகள், அழுகிற குழந்தைகள். கடலேரியில் நேவி வந்து சுடுவதும் வள்ளங்கள் திரும்பாமல் போவதும் எல்லோருக்கும் தெரிந்த விசயம். வள்ளத்துக்குக் கூப்பிட்டார்கள். அக்கா மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவினார், பிறகு தானாகவே கையை எடுத்தார். அந்தப் பிள்ளை தண்ணீருக்குள் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வராட்டில் உங்களை என்ன செய்வினம்?"

"அதை நான் பாக்கிறன். நீ வள்ளத்திலை நடுவிலை இரு. ஓரத்திலை இராதை."

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்ற தகவல் வரும்வரை அக்காவும் நானும் ஒருவரோடொருவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வந்த அன்று அக்கா என்னிடம் வந்து, பக்கத்தில் இருந்து, வெங்காயம் உரித்துத் தந்தார். அவ்வளவுதான்.

பாஸின் தவணை முடிந்து சில நாட்களில் என்னைக் கூப்பிட்டார்கள். பாஸ் தந்த அதே ஆள்தான்.

"அவள் வருவாளோ?"

"வரமாட்டாள்."

"தெரிஞ்சுதானே பொறுப்பு நிண்டனியள்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏமாந்துவிட்டேன் என்று அழுதிருக்கலாம். அப்படித்தான் சொல்லவேண்டும் என்று என் கணவர் வழிநெடுகச் சொல்லித் தந்திருந்தார்.

"ஓம்," என்றேன்.

அவன் பேனையை மூடிவைத்தான். பக்கத்து அறைக்குள் போய் யாரோடோ கதைத்துவிட்டு வந்தான். அந்த நேரம்தான் என் வாழ்க்கையில் மிக நீளமான நேரம். என் பிள்ளைகளின் முகத்தை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் தண்டனையாக எனக்குக் கிடைத்தது அவர்களுடைய சமையற்கூடம். கொஞ்ச மாதங்களுக்கு, விடியமுன் போய், முன்னரங்குக்குப் போகிற சாப்பாட்டுப் பொதிகளைக் கட்டவேண்டும். வேறு பலருக்குக் கிடைத்ததோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

புட்டும் சம்பலும் வாழையிலையில் சுற்றி, கடதாசியில் மடித்து, சாக்கில் அடுக்குவோம். எடுத்துப் போக வருகிறவர்களில் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். பதினாறு, பதினேழு வயது. சிலருக்குச் சேட்டுக் கை விரலை மூடும். ஒருநாள் ஒருத்தி, சாக்கைத் தூக்குமுன், அங்கேயே இருந்து ஒரு பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டாள். பசி போலும். எதையோ கேட்க வெட்கப்பட்டாள்.

"என்ன பிள்ளை?"

"சம்பல் இன்னுங் கொஞ்சம் கிடக்கோ அக்கா?"

சட்டியை வழித்து முழுவதையும் அவளுடைய இலையில் போட்டேன். எந்த ஊர் என்று கேட்டேன். கொழும்புத்துறை என்றாள்.

"அம்மா இருக்கிறாவோ?"

அவள் ஓமென்று தலையை ஆட்டினாள், வாய் நிறையப் புட்டு. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.